டத்தோ வரும்வரை தொடாதீர்கள்

புக்கிட் செஜுக் தேயிலைத் தோட்டத்தின் மக்கள் மண்டபத்தில் ஒரே ஒரு கணினி இருந்தது. அந்த ஒரு கணினியை நிர்வகிக்க ஒரு சபை இருந்தது. சபைக்குத் தலைவர், துணைத் தலைவர், செயலாளர், துணைச் செயலாளர், தொழில்நுட்பப் பிரிவுத் தலைவர், மகளிர் பிரிவுத் தலைவி, ஆலோசகர்கள், காப்பாளர் என்று ஒரு வேன் நிறைய ஆட்கள் இருந்தார்கள். கணினியைப் பயன்படுத்துகிறவர்களை ஏற்ற ஒரு மோட்டார் சைக்கிள் போதும்.

கணினியைக் கொடுத்தது கம்பெனி. ஆனால் மண்டபச் சுவரில் மாட்டியிருந்த படம், டத்தோ பட்டம் வாங்கிய ஈப்போ பிரமுகர் ஒருவருடையது. அவர் மவுஸ் கொடுத்தவர். மவுஸ் கொடுத்த அன்றைக்கு இரண்டு மாலையும் ஒரு பொன்னாடையும் வாங்கிக்கொண்டு, தொழில்நுட்பம் இல்லாமல் தமிழினம் இல்லை என்று பேசிவிட்டு மலை இறங்கினார். அந்த மவுஸ் சில மாதத்திலேயே செத்துப்போனது. படம் மட்டும் பளபளவென்று இருக்கிறது, வாரா வாரம் துடைக்கிறார்கள்.

சரோஜாவுக்கு இந்தச் சபையைப் பற்றி எந்தக் கருத்தும் இல்லாமல்தான் இருந்தது. அவள் மலையில் கொழுந்து வெட்டுகிறவள். காலையில் கத்திரியைப் பிடித்தால் சாயங்காலம் வரை கைக்கும் கண்ணுக்கும் வேலை சரியாக இருக்கும், யார் தலைவர் யார் செயலாளர் என்று பார்க்க நேரம் ஏது. ஆனால் அவள் கணவன் செல்லையாவுக்கு வருகிற தீபாவளியோடு அறுபது முடிகிறது. அறுபது முடிந்தால் வேலை முடியும். வேலை முடிந்தால் கம்பெனி கொடுத்த லயத்து வீட்டுச் சாவியை ஆபீசில் கொடுத்துவிட வேண்டும். சரோஜா கான்ட்ராக்ட் ஆள் என்பதால் அவள் பேருக்கு வீடு கிடையாது.

மலை மேலேயே இருக்கும் ரிங்லெட் டவுனில் மலிவு விலை வீடுகள் கட்டி முடித்து மனு கேட்டிருந்தார்கள். அது கிடைக்காவிட்டால் மலையடிவாரத்தில், தாப்பாவில், செல்லையாவின் தம்பி வீட்டுப் பின்கட்டுதான் கதி. தம்பி நல்லவன். தம்பி பெண்டாட்டி அவனைவிட நல்லவள், அதை வேளா வேளைக்குச் சொல்லியும் காட்டுவாள். சரோஜா இந்தக் குளிரில் பிறந்து இந்தக் குளிரில் பிள்ளை பெற்றவள். தாப்பா வெயிலில் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்தாலே இரண்டு நாள் படுத்துவிடுவாள். மலையை விட்டு இறங்கப் போவதில்லை என்று அவள் மனசுக்குள் முடிவு கட்டியிருந்தாள்.

மனுவை இணையத்தில்தான் போட வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி கடைசி. சரோஜா போனில் திறந்து பார்த்தாள். பக்கம் பாதிதான் தெரிந்தது. எல்லாவற்றையும் நிரப்பி முடித்துக் கடைசியில் அனுப்புவதற்குத் தட்ட வேண்டிய ‘ஹந்தார்’ பொத்தான் திரைக்கு வெளியே எங்கேயோ ஒளிந்துகொண்டிருந்தது. போனைச் சாய்த்தாள், தலைகீழாகப் பிடித்தாள், பொத்தான் வரவில்லை. ஜொகூரில் ஃபேக்டரியில் இருக்கும் மகள் துளசியும் தன் போனில் முட்டிப் பார்த்துவிட்டு, “கம்ப்யூட்டர்லதான் போகும் போல லாம்மா” என்று கையை விரித்துவிட்டாள்.

ஆகவே திங்கட்கிழமை வேலை விட்டதும் சரோஜா முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போய்க் கணினி முன்னால் உட்கார்ந்தாள். ஒரு விரலால் தேடித் தேடிப் பேரை அடித்தாள். ஐ.சி. அட்டையைப் பார்த்து அடையாள எண்ணை அடித்தாள். முகவரியில் பாதி போயிருக்கும்போது திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அது சுற்றிக்கொண்டே இருந்தது. சரோஜா கையை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாகப் பார்த்தாள். பிறகு திரை நீலமாகி நின்றுவிட்டது.

விஷயம் கேள்விப்பட்டு சபைத் தலைவர் வந்தார். பெரிய கிராணி ராதாகிருஷ்ணன்தான் தலைவர். தோட்ட ஆபீசின் தலைமைக் குமாஸ்தா, மேனேஜர் துரைக்கு அடுத்த நாற்காலி அவருடையது. எதிரில் இரண்டு பேர் இருந்தால் போதும், எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மேடைத் தமிழில் ஆரம்பித்துவிடுவார்.

“யார் தொட்டது?”

“நான்தாங்கய்யா.”

“என்ன செஞ்சீங்க?”

“பேர் அடிச்சேன்.”

“முழுப் பேரையுமா?”

“ஆமாங்கய்யா.”

தலைவர் சுற்றி நின்றவர்களைப் பார்த்துத் தலையசைத்தார். “அதான் பாரம் தாங்கல.”

சரோஜாவுக்கு உள்ளபடியே குற்றவுணர்ச்சியாகிவிட்டது. சரோஜா தேவி என்று அப்பா வைத்த பேர். தேவியை விட்டிருக்கலாமோ என்று அன்று ராத்திரி சோறு பிசையும்போதுகூட நினைத்துக்கொண்டாள்.

அவசரக் கூட்டம் கூடியது. செயலாளர் ஹரிதாஸ் குறிப்பேட்டைத் திறந்தார். அவர் தேயிலை மில்லில் சூப்பர்வைசர். சங்க விதிகளில் ஊறியவர். எதைச் சொன்னாலும் முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் வேண்டும் அவருக்கு. ஜன்னலைச் சாத்தச் சொன்னால்கூட, “வழிமொழியறது யாரு?” என்பார். குளிரில் எல்லாரும் நடுங்கிய நாட்கள் உண்டு.

கணினியை ஃபார்மட் செய்வது என்று முன்மொழியப்பட்டது, வழிமொழியப்பட்டது. ரிங்லெட்டில் கடை வைத்திருக்கும் புவனேசைக் கூப்பிடுவது என்பதும் தனியாக முன்மொழியப்பட்டது, வழிமொழியப்பட்டது. “வெள்ளிக்கெழமைக்குள்ள ஆயிடுமாங்கய்யா?” என்று வாசலில் நின்று சரோஜா கேட்டது மட்டும் குறிப்பேட்டில் ஏறவில்லை. அவள் சபை உறுப்பினர் இல்லை.

புவனேஸ் புதன்கிழமை காலை மோட்டாரில் வந்தாள். போன், கணினி, தொலைக்காட்சி என்று எதைக் கொடுத்தாலும் பிரித்துப் போட்டுவிட்டு, வாயில் ஒரு திருகாணியைக் கடித்துக்கொண்டே பேசுகிற பெண். கணினியின் உள்ளே பார்த்தாள்.

“அக்கா, இதுல உங்க பேர் ஒண்ணும் பாரமில்ல,” என்றாள், வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து நின்ற சரோஜாவிடம். “தலைவரோட பொறந்தநாள் வீடியோதான் முழுக்க. கேக் வெட்டறது, ஊட்டறது, மறுபடியும் வெட்டறது. மூச்சு விட எடமில்ல மெஷினுக்கு.”

சரோஜாவின் நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. அது இறங்கிய இடத்தில் முதல்முறையாகக் கொஞ்சம் கோபம் வந்து உட்கார்ந்தது.

தலைவர் அந்த வீடியோக்களை அழிக்கச் சம்மதிக்கவில்லை. அவை தோட்டத்தின் வரலாறு என்றார். புவனேஸ் அவற்றை வேறொரு சின்னச் சேமிப்புப் பெட்டியில் ஏற்றி அவர் கையிலேயே கொடுத்த பிறகுதான் ஃபார்மட் தொடங்கியது. திரையில் சதவீதம் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. அறுபதைத் தாண்டும்போது ஹரிதாஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார்.

“தலைவரே, பன்னெண்டு மணி. ராகு காலம் பொறந்திருச்சு.”

“நிறுத்தும்மா,” என்றார் தலைவர்.

“நிறுத்த முடியாதுங்க. பாதியில நிறுத்தினா மெஷின் போயிரும்.”

“அப்ப ராகு காலத்துல பொறந்த கம்ப்யூட்டராயிடுமே.”

தொழில்நுட்பப் பிரிவுத் தலைவர் குகனேஸ்வரன் முன்னால் வந்தார். தன் வீட்டுக் கூரையில் தட்டு ஆண்டெனாவைத் தானே மாட்டிக்கொண்டவர் என்ற தகுதியில் அந்தப் பதவிக்கு வந்தவர் அவர். கணினியைத் தொட்டுப் பழக்கமில்லை. “ஆரம்பிச்சது நல்ல நேரத்துல. ஆரம்பிச்ச நேரம்தான் கணக்கு. கல்யாணத்துல தாலி கட்டறதுக்குத்தான நேரம் பாக்கறோம், சாப்பாடு முடியறதுக்கா பாக்கறோம்?” என்றார். தொழில்நுட்பப் பிரிவு உருவானதிலிருந்து அது வழங்கிய முதல் தொழில்நுட்ப ஆலோசனை அதுதான். எல்லாரும் நிம்மதியானார்கள்.

ஃபார்மட் முடிந்து கணினி புதுசாக நின்றது. அதன் முகப்பில் முதலில் பிள்ளையார் படம் போடப்பட்டது. திரைக்கு மேலே செவ்வந்தி மாலை சார்த்தினார்கள். ஆலோசகர் ஒருவர் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்தார். வைத்த இடம் கேமராக் கண். நெற்றி மாதிரி நடுவில் இருந்ததால் அதைத் தேர்ந்தெடுத்ததாகச் சொன்னார்.

அடுத்தது மென்பொருள். வெறும் கணினி எதற்கும் உதவாது, அத்தியாவசியமான மென்பொருள்களைப் போட வேண்டும் என்று புவனேஸ் சொன்னதும் தலைவர் முகத்தில் ஒரு ஒளி வந்தது. அன்று பிற்பகலே ‘அத்தியாவசிய மென்பொருள் தேர்வுத் துணைக்குழு’ அமைக்கப்பட்டது. துணைக்குழுவுக்கும் ஒரு தலைவர், ஒரு செயலாளர். அவர்கள் அதே தலைவர், அதே செயலாளர். சரோஜா தேநீர் ஊற்றுகிற சாக்கில் மண்டபத்துக்குள் நின்றாள்.

“எழுத ஒண்ணு, பத்திரம் திறக்க ஒண்ணு, பிரிண்டருக்கு வேண்டியது, வைரஸ் தடுப்பு ஒண்ணு,” என்றாள் புவனேஸ். “அவ்வளவுதான். அரை மணி நேரத்துல போட்டுக் குடுத்துட்டுப் போயிருவேன்.”

“அவ்வளவுதான் என்றால் துணைக்குழு எதற்கு?” என்று கேட்டார் தலைவர். நியாயமான கேள்விதான்.

அவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். “அத்தியாவசியம் என்றால் என்ன? எது இல்லாமல் நாம் இல்லையோ அதுவே அத்தியாவசியம். ஒரு விழா நடக்கிறது. பேனர் இல்லை. அது விழாவா? பேனர் இருக்கிறது. அதில் தலைவர் படம் இல்லை. அது பேனரா? ஆகவே பேனர் தயாரிக்கும் மென்பொருளை, என் படம் முன்கூட்டியே அதில் இருக்கும்படியாகப் போட வேண்டும் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.”

முன்மொழிந்தார்கள், வழிமொழிந்தார்கள். ஹரிதாஸ் தன் பங்குக்கு எழுத்துரு கேட்டார். அழைப்பிதழுக்கு ஒன்று, நன்றியுரைக்கு ஒன்று, இரங்கல் செய்திக்குக் கொஞ்சம் சோகமாக ஒன்று. துணைத் தலைவர் கரோக்கே கேட்டார். குகனேஸ்வரன் மூன்று வைரஸ் தடுப்பு போட வேண்டும் என்றார்.

“மூணு போட்டா ஒண்ணையொண்ணு திருடன்னு புடிச்சுக்கும் சார்,” என்றாள் புவனேஸ். “மெஷின் நகராது.”

“நகராட்டி என்ன. பாதுகாப்பா இருக்கும்ல.”

அதுவும் வழிமொழியப்பட்டது. தேநீர்க் கெட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்த சரோஜாவுக்குப் பொறுக்கவில்லை. “அய்யா, இன்டர்நெட் பாக்கறதுக்கு ஒண்ணு போடணும்ல? மனு போடணுமே நான்.”

“உறுப்பினர் அல்லாதவர் முன்மொழிய முடியாது,” என்றார் ஹரிதாஸ். கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பது போலச் சொன்னார்.

மகளிர் பிரிவுத் தலைவி நவமணி கையைத் தூக்கினாள். சபையில் அவளுக்கு இருந்த ஒரே அதிகாரம் குத்துவிளக்குக்கு எண்ணெய் ஊற்றுவது. “நான் முன்மொழியறேன். சரோஜா கேட்டதைப் போடணும்.”

“வழிமொழியறது யாரு?”

மண்டபத்தில் கேக் வெட்டும் சத்தம் கேட்டது. தலைவர் சேமிப்புப் பெட்டியைக் கணினியில் மாட்டி, தன் வீடியோ பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தார்கள்.

“இன்டர்நெட்ல நுழைஞ்சாத்தான் வைரஸ் வரும்,” என்றார் குகனேஸ்வரன்.

“அப்ப மூணு தடுப்பு எதுக்குங்க?” என்றாள் சரோஜா.

“வைரஸ் வராம இருக்க.”

வழிமொழிய ஆள் இல்லாததால் தீர்மானம் விழுந்தது. ஹரிதாஸ் அதை அழகான கையெழுத்தில் எழுதினார். வெளியே மோட்டாரைக் கிளப்பும்போது புவனேஸ் சரோஜாவை அருகில் கூப்பிட்டாள். “கவலப்படாதீங்கக்கா. இன்டர்நெட் பாக்கறது மெஷினோடயே வர்ற சாமான். யாரும் வழிமொழிய வேணாம் அதுக்கு. அவங்க ரிப்பன் வெட்டி முடிச்சதும் நீங்க உக்காந்துருங்க.”

ரிப்பன் என்றதும் சரோஜா திரும்பிப் பார்த்தாள். மண்டபத்துக்குள் குகனேஸ்வரன் கணினியைச் சுற்றிச் சிவப்பு ரிப்பனை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். நடுவில் பூ மாதிரி ஒரு முடிச்சு. விசைப்பலகை மேல் ஒரு அட்டை: ‘டத்தோ வரும்வரை தொடாதீர்கள்’.

ஃபார்மட் செய்த கணினி புதுக் கணினிதான், புதுக் கணினிக்குத் திறப்பு விழா வேண்டும், திறப்பு விழாவுக்கு டத்தோ வேண்டும் என்று தீர்மானமாகியிருந்தது. டத்தோவும் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வர ஒப்புக்கொண்டார். சரோஜா கணக்குப் போட்டுப் பார்த்தாள். பத்து மணிக்கு ரிப்பன், பிறகு பேச்சு, பிறகு சாப்பாடு. எப்படிப் பார்த்தாலும் மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். ஐந்து மணிக்குள் மனு போய்விடும். அன்று ராத்திரி செல்லையாவிடம், “வீடு கெடைச்சா பின்பக்கம் ரெண்டு முள்ளங்கிப் பாத்தி போடணும்,” என்றாள். அவள் வீட்டைப் பற்றி வாய்விட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

வியாழன் மாலை பிடித்த மழை விடிய விடியப் பெய்தது. வெள்ளிக்கிழமை காலை சரோஜா வெட்டுக்காட்டுக்குப் போய், சீக்கிரமே கங்காணியிடம் சொல்லிக்கொண்டு, முதுகில் கூடையும் கையில் பை பூட்டிய கத்திரியுமாக நேரே மண்டபத்துக்கு வந்தாள். வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு வர நேரமில்லை. மண்டபம் நிறைந்திருந்தது. வாழைமரம் கட்டியிருந்தார்கள். பேனரில் தலைவர் பெரிதாகவும் டத்தோ அதைவிடக் கொஞ்சம் பெரிதாகவும் கணினி ஒரு மூலையிலும் இருந்தார்கள். டத்தோ தட்டும்போது ஏதாவது ஆகிவிடக் கூடாது என்று புவனேசையும் வரவழைத்திருந்தார்கள்.

பத்து மணி ஆனது. டத்தோ வரவில்லை. போன்தான் வந்தது. தாப்பா ரோட்டில் மண் சரிந்துவிட்டது. ரிங்லெட் பக்கம் தோட்டத்துக்கு ஏறும் ரோடும் சரிந்துவிட்டது. புவனேஸ் வந்த மோட்டார்த் தடத்தின் மேலேயே மண் கிடக்கிறதாம். நாளைக்குத்தான் அள்ளுவார்கள். டத்தோ காரைத் திருப்பிக்கொண்டு கீழே ஒரு கடையில் ரொட்டி சானாய் சாப்பிடுகிறார்.

தலைவர் கொஞ்ச நேரம் வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் துணைத் தலைவருக்கு ஒரு யோசனை வந்தது. “வீடியோ கால்ல தெறக்கச் சொன்னா என்ன?”

“நல்ல யோசனை,” என்றார் தலைவர். “போன்ல கூப்பிடு.”

“போன்லயா? டத்தோவை இத்தனூண்டாவா காட்டறது?” என்றார் குகனேஸ்வரன். “மரியாதையில்ல. பெரிய திரையில காட்டணும்.”

“பெரிய திரை எங்க இருக்கு?”

எல்லாரும் கணினியைப் பார்த்தார்கள்.

“அதத் திறக்கணுமே,” என்றார் ஹரிதாஸ்.

“டத்தோ திறப்பாரு.”

“டத்தோ அதுக்குள்ளதான தெரியணும்.”

“ஆமா. அவரு தெரிஞ்சதும் திறந்து வைப்பாரு.”

“திறந்தாத்தான தெரிவாரு.”

இது கொஞ்ச நேரம் நடந்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஆலோசகர்கள் இருவரும் மாறி மாறி ஆலோசனை சொன்னார்கள். புவனேஸ் திருகாணி கடிக்கிற வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய் நின்றாள். கடைசியில் விழாவை ஒத்திவைப்பது என்று முடிவானது. டத்தோ அடுத்த வாரம் காசிக்குப் போகிறார். திரும்பி வந்து நாள் பார்த்து வருவார். அடுத்த மாதம், இல்லாவிட்டால் அதற்கடுத்த மாதம்.

சரோஜா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். “அய்யா, எனக்கு இன்னைக்கு அஞ்சு மணிதான் கடைசி. ரோடும் அடைச்சிருச்சு, டவுனுக்கும் போக முடியாது. ஒரு பத்து நிமிஷம் விடுங்க. முடிச்சிட்டு ரிப்பனைத் திருப்பிக் கட்டிருவோம்.”

“பத்து நிமிஷம் என்பது பத்து நிமிஷமா?” தலைவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். மைக் இருந்தது, அதையும் எடுத்துக்கொண்டார். “தாய்மார்களே. ஒரு வீட்டுக்காக நம் மரபை உடைக்கச் சொல்கிறார் ஒரு சகோதரி. வீடு என்றால் என்ன? நான்கு சுவர். எனக்கு வீடு இருக்கிறதா? நான் இருப்பது கம்பெனி குவாட்டர்ஸ். அடுத்த வருடம் எனக்கும் அறுபது. நானும் சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். நான் அழுதேனா? மனுப் போட்டேனா? ஏன் போடவில்லை? இந்தச் சபையே என் வீடு. இந்த மண்டபமே என் கூரை. மக்களுக்காகத்தான் இந்தக் கணினி. ஆகவேதான் மக்கள் அதைத் தொடாமல் பார்த்துக்கொள்கிறோம்.”

பழக்கத்தில் இரண்டு பேர் கை தட்டினார்கள்.

சரோஜா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் அவரிடம் பேசும்போது அவள் தரையைத்தான் பார்த்திருக்கிறாள். இப்போது பார்த்தபோது சாதாரண முகமாகத்தான் இருந்தது, காது மடலில் கொஞ்சம் ஷேவிங் நுரை ஒட்டியிருந்தது. இவருக்கா இத்தனை காலம் பயந்தோம் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

அவள் கணினியிடம் போனாள். கொழுந்துக் கத்திரியை இரண்டு கையாலும் விரித்தாள். ரிப்பன் ஒரே வெட்டில் அறுந்தது. முடிச்சுப் பூ கத்திரியில் பூட்டியிருந்த பைக்குள், காலையில் வெட்டிய கொழுந்தோடு கொழுந்தாக விழுந்தது.

மேசையில் வெள்ளித் தட்டில் டத்தோவுக்காக வைத்திருந்த சின்னக் கத்தரிக்கோல் அப்படியே இருந்தது.

“சரோஜா, ராகு காலம்,” என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி, பயந்துபோய்.

“ராகு காலத்துல மல சரியலாம். நான் ஒரு பட்டன் தட்டக் கூடாதா.” சொல்லிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அட்டையை எடுத்துத் தரையில் வைத்தாள். மாலையைக் கழற்றி நவமணியிடம் நீட்டினாள்.

“துரைகிட்ட சொல்வேன்,” என்றார் தலைவர். மைக் கையில் இருந்ததால் அது மண்டபம் முழுக்க எதிரொலித்தது.

“சொல்லுங்க. அவருக்குப் பங்களா இருக்கு. எனக்கு என்ன இருக்குன்னும் சேர்த்துச் சொல்லுங்க.”

ஹரிதாஸ் குறிப்பேட்டோடு ஓடி வந்தார். ரிப்பன் போனது பெரிசில்லை அவருக்கு. “இதுக்குத் தீர்மானம் இல்லையே. முன்மொழிஞ்சது யாரு? நீங்க உறுப்பினரே இல்லையே.”

“முன்மொழிஞ்சது நான்,” என்றாள் நவமணி. மாலை அவள் கையில் இருந்தது. “புதன்கெழமையே முன்மொழிஞ்சேன். உங்க கையெழுத்துலயே இருக்கு.”

“அது வழிமொழிய ஆளில்லாம விழுந்திருச்சு.”

“இப்ப நான் வழிமொழியறேன்,” என்றது ஒரு குரல். வாசலில் செல்லையா நின்றுகொண்டிருந்தான். கூட்டம் என்றாலே பின்வரிசையில் போய் நிற்கிற மனிதன்.

“நானும்,” என்றாள் கூடையோடு வந்திருந்த ஒருத்தி. “நானும் லா.” “என்னையும் எழுதிக்குங்க.” வரிசை வரிசையாகக் கை உயர்ந்தது. உறுப்பினர் யார், உறுப்பினர் அல்லாதவர் யார் என்று ஹரிதாஸ் தேடினார். வாழ்நாளில் ஒரு தீர்மானத்துக்கு அத்தனை வழிமொழிதல் அவர் பார்த்ததில்லை. ஆசை விடவில்லை. குனிந்து எழுத ஆரம்பித்துவிட்டார்.

கணினி திறந்தது. திறந்ததும் மூன்று வைரஸ் தடுப்பும் விழித்து, ஒன்றை ஒன்று திருடன் என்று கத்த ஆரம்பித்தன. நடுவில் பேனர் மென்பொருள் தானாகத் திறந்து தலைவர் படத்தைக் காட்டியது. புவனேஸ் வந்து குனிந்து இரண்டு காவல்காரர்களை வீட்டுக்கு அனுப்பினாள். தலைவர் படத்தை மூடினாள். மூலையில் ஒரு சின்னப் படத்தைச் சுட்டிக்காட்டினாள். சரோஜா அதைத் தட்டினாள். இணையம் வந்தது. அது முதலிலிருந்தே அங்கேதான் இருந்தது.

சரோஜா இந்த முறை முழுப் பேரையும் அடித்தாள். தேவியையும் விடவில்லை. கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை. செல்லையா பேர், சம்பளச் சீட்டு, ஐ.சி. எல்லாம் ஏறின. கடைசியில் ‘ஹந்தார்’ பொத்தான் திரைக்குள்ளேயே, பச்சையாக, கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. அதைத் தட்டினாள். மனு கிடைத்தது என்று எழுத்து வந்ததும் அவள் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்சம் அழுதாள். வீடு கிடைக்குமோ கிடைக்காதோ, அது வேறு விஷயம். கேட்கவே விடாமல் அடித்திருப்பார்களே என்றுதான் அழுதாள்.

அவள் எழுந்திருக்கவில்லை. பின்னால் இரண்டு லயம் தள்ளி இருக்கிறவள் ஐ.சி.யோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் ஒரு வரிசையே சேர்ந்துவிட்டது. எத்தனை வீட்டில் அறுபது நெருங்குகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. டத்தோவுக்குச் சமைத்த சாப்பாட்டை வரிசையில் நின்றவர்களுக்கே நவமணி பரிமாறினாள். புவனேஸ் ஒரு பக்கம் சொல்லிக் கொடுக்க, சரோஜா ஒரு விரலால் ஒவ்வொரு பேராக அடித்தாள். ஹரிதாசும் நவமணியும் தவிர மற்ற சபையினர் ஆலோசிக்கப் போனார்கள், திரும்பவில்லை.

நாலரை மணிக்கு வரிசை தீர்ந்தது. புவனேஸ் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். அப்போது மண்டபத்தின் பக்கக் கதவு வழியாக ஒருவர் உள்ளே வந்து, யாரும் இல்லாத வரிசையில் மரியாதையாக நின்றார். கையில் ஐ.சி. இருந்தது. மைக் இல்லை.

“சரோஜா,” என்றார் பெரிய கிராணி ராதாகிருஷ்ணன். “அந்த மனுப் பக்கம் இன்னும் தெறந்திருக்கா?”

சரோஜா நிமிர்ந்து பார்த்தாள். கத்திரி அவள் காலடியில் இருந்தது. “தெறந்துதான் இருக்குங்கய்யா. முன்மொழிய ஆள் கூட்டிட்டு வந்தீங்களா?”

அவர் சுற்றிப் பார்த்தார். நவமணி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை. செல்லையா வாழைமரத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தான். ஹரிதாஸ் குறிப்பேட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றி, வழக்கம்போலக் காத்திருந்தார். சுவரில் டத்தோ சிரித்துக்கொண்டிருந்தார். மழை மறுபடியும் தூற ஆரம்பித்தது.

அவர் கை தானாகச் சட்டையை இழுத்துவிடப் போய், பாதியில் நின்றது.

“எனக்கும் வீடு வேணும் சரோஜா,” என்றார். மேடைத் தமிழ் எங்கேயோ போயிருந்தது. “எம் பொண்டாட்டிக்கு முட்டி வலி. எங்க போறதுன்னு தெரியல எனக்கு.”

சரோஜா தாப்பா வெயிலை நினைத்துக்கொண்டாள். பிறகு திரை பக்கம் திரும்பி, ஒற்றை விரலை விசைப்பலகைக்கு மேலே நிறுத்தினாள்.

“முழுப் பேரையும் சொல்லுங்க,” என்றாள். “தாங்கும்.”